நாலாவது பாலத்தில் வரும் அழுகை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மெயில் போட்டால் பதில் வருவதில்லை. இந்த விஷயத்துக்கு மையில் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம், அதனால் எப்படியும் தபால்தான். நலம் விசாரிக்கிற பகுதியை இரண்டு பேருமே தாண்டிவிடலாம்.

அப்பா எடுத்த கார்ட்டூன், ‘முள்ளெலியும் ஏழு பாலங்களும்’, டிஸ்க்காக வெளியாகிறது. டிவியில் நாலைந்து தடவை காட்டியதோடு சரி, இதுவரை யாரும் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத படம். எங்கள் கம்பெனி அதன் உரிமையை வாங்கியிருக்கிறது. ஒலியைச் சரிசெய்கிற வேலை முழுக்க என் பொறுப்பு. நான் தனியாகச் செய்கிற முதல் படம்.

அந்தக் காலத்து ஒப்பந்தம் டிவிக்கு மட்டும்தான். அப்போது உனக்கு ஏழு வயது என்பதால் உனக்காக அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது முள்ளெலிக்குட்டியின் குரல் யாருடையதோ அவரே, அதாவது நீயே, போடவேண்டும். படிவம் உள்ளே இருக்கிறது. பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கும் மூன்று இடங்களில் போடு. மார்ச் 25-ம் தேதி மாஸ்டர் பிரதி அச்சுக்குப் போகிறது.

டிவி டேப் பூஞ்சை பிடித்துப்போனதால், அப்பா அலமாரியில் வைத்திருந்த குரல் டேப்புகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டுகிறேன். உண்மையைச் சொன்னால் அப்பா பெரிய ஆள். ஆற்றில் அம்மாவின் முட்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டு, அம்மா செத்துவிட்டாள் என்று குட்டி அழுமே, அந்த நாலாவது பாலம், அது ஆறாவது டேப்பில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் இரண்டு வசனங்கள் ஏழாவது டேப், மறுநாள் காலை எடுத்தது. ஆனால் மூக்கடைப்பு, தொண்டைக் கம்மல் எல்லாம் அச்சு அசலாக ஒட்டுகிறது. தேர்ந்த நடிகர்களுக்கே மறுநாள் இப்படிப் பொருந்தாது. ஒரு குழந்தையிடம் எப்படிச் சாதித்தார் என்று தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஆறாவது டேப்பின் மேல் எழுதியிருக்கும் தேதி நான் பிறந்த தேதி.

படிவத்தை மடிக்காமல் அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 11

திருப்புளிக்கு,

வீட்டில் ரேடியோ, கடிகாரம், தையல் மிஷின் என்று ஒன்று விடாமல் கழற்றிப் போடுவாய். அப்போது வைத்த பெயர். எல்லாவற்றையும் கழற்றத் தெரியும், எது எதற்கு இருக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டாய். இன்னும் மாறவில்லை.

படிவத்தை மடிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. போடப்போவதும் இல்லை.

காரணம் கேட்டு எழுதாதே. பட்டறையில் இந்த மாதம் பல் செட்டு ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஒரு டாக்டர் அனுப்பிய அச்சில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் வேறு வேறு ஆளுடையது. அதைச் சரிபண்ணுவதற்கே எனக்கு நேரம் போதவில்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

காரணம் கேட்காமல் இருக்க முடியாது. மேனேஜர் கேட்பார். “எங்க அக்காவுக்குப் பல் செட்டு ஆர்டர் ஜாஸ்தி சார்” என்றா சொல்வது?

இது உனக்கு வெறும் மூன்று கையெழுத்து. எனக்கு வேலை. அப்பாவுக்கு அவர் வாழ்நாளில் செய்ததிலேயே உருப்படியான ஒன்று. டிஸ்க்கில் கூடுதலாக அவருடைய பேட்டியும் வருகிறது. கேமரா முன்னால் மனுஷன் பத்து வயது குறைந்தமாதிரி உட்கார்ந்திருந்தார். “குட்டி அழற சீனை எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டதற்கு, “நான் ஒண்ணுமே பண்ணலீங்க. அழும்மான்னேன், அழுதுட்டா. பொறவிக் கலைஞர் எங்க கீச்சு” என்றார். உன்னை அந்தப் பெயரில் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

உனக்கு எதற்குக் கலங்கும்? அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று கூடத்தின் மூலையில் நட்டுவைத்த கம்பம்மாதிரி நின்றாய். ஒரு சொட்டு வரவில்லை. மறுநாள் காலையே பஸ் ஏறக் கிளம்பிவிட்டாய். “உனக்கு அம்மான்னு ஒருத்தி இருந்ததே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்” என்று வாசலில் வைத்துச் சொன்னேன். இரண்டு வருஷமாக அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது படவில்லை.

நான் பிறந்ததிலிருந்தே உனக்கு என்னைக் கண்டால் ஆகாது, அம்மாவைப் பங்கு போட வந்தவன் என்று பொறாமை. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ நிற்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அதையெல்லாம் ஒரு கார்ட்டூன் படத்தின்மேல் காட்டாதே.

இந்த வாரம் நாலாவது பாலத்தைச் சுத்தம் செய்து முடித்தேன். அழுகை தொடங்குவதற்கு முன்னால் பதினோரு விநாடி ஒரு கரகரப்பு. பெரியவர்களுக்கான ஹெட்போனைக் குழந்தைத் தலையில் மாட்டியதால் பக்கவாட்டில் கசிந்து மைக்கில் ஏறியிருக்கிறது. வழித்து எடுத்துவிட்டேன். இப்போது உன் குரல் கண்ணாடி.

நீ போடாவிட்டால் வேறொரு பிள்ளையை வைத்து முழுப் படத்துக்கும் புதுக்குரல் கொடுக்கப்போகிறார்கள். மேனேஜர் ஏற்கனவே ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார். நஷ்டம் உனக்கில்லை, படத்துக்கு.

படிவம் மறுபடி உள்ளே.

தம்பி


பிப்ரவரி 24

திருப்புளிக்கு,

நீ வழித்து எடுத்த பதினோரு விநாடி என்ன என்று சொல்கிறேன். கரகரப்பு இல்லை. அது அப்பா.

அன்று காலை அம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடகர்கள் நிற்கிற அறையில் நான் மட்டும். மைக்குக்கு எட்டாது என்று இரண்டு நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு உட்கார வைத்தார்கள். ஹெட்போன் நழுவிக்கொண்டே இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அப்பா. ஏழெட்டுத் தடவை எடுத்தும் அழுகை வரவில்லை. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது, வீட்டுக்குப் பாப்பா வரப்போகிறது என்ற சந்தோஷத்தில்.

நடுவில் போன் வந்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஹெட்போனில் சொன்னார். “கீச்சு, ஆஸ்பத்திரியிலேருந்து போன். தம்பி பொறந்துட்டான். தம்பி பொறந்ததுல அம்மா செத்துட்டாங்க. இப்ப பேசு.”

பேசினேன். ஊரே அதைக் கேட்டு அழுதது என்கிறார்கள்.

அடுத்தது உனக்குப் பிடித்த பகுதி. மறுநாள் எப்படிப் பொருந்தியது என்று கேட்டாயே. இரண்டு வசனம் பாக்கி இருந்தது, ஸ்டூடியோ நேரம் முடிந்துபோனது. அதனால் அவர் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டில் நான் “அம்மாவை எங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டேன். “நாளைக்குச் சொல்றேன். தண்ணி ரொம்பக் குடிக்காத, குரல் மாறிடும்” என்றார். ராத்திரி முழுக்க உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முகம் தெரியாது. நீ எப்படியாவது திரும்பிப் போய்விட்டால் அம்மா வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் இரண்டு வசனமும் ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். “பாத்தியா, சும்மா சொன்னேன்” என்று அப்பா என் காதோடு சொன்னார். “அம்மாகிட்ட சொல்லாத, மனசு உடைஞ்சுடும்” என்றார். நான் கதவுக்கிட்டேயே நின்றுவிட்டேன். செத்தவள் எப்படி ரொட்டி தின்பாள்? அவள் மடியில் நீ. வா, வந்து தம்பியைத் தொட்டுப் பார் என்றாள். போகவில்லை. பொறாமை என்று அப்பா சொன்னார். அந்தக் கதை அப்படியே நிலைத்துவிட்டது, வசதியாக.

அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்கமாட்டேன்.

எனக்கு அம்மா இரண்டு தடவை செத்தாள். முதல் தடவை அழுதாகிவிட்டது. அதைத்தான் நீ கண்ணாடிமாதிரி துடைத்து விற்கப்போகிறாய்.

அக்கா


பிப்ரவரி 28, காலை

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன், நம்பமுடியவில்லை. ஏழு வயதில் கேட்டதை முப்பத்துமூன்று வயதில் வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறாய். ஆதாரம் என்ன?

அப்பாவிடம் கேட்டேன். பூசி மெழுகவில்லை, சிரித்தார். “ஆமா, ஏதோ சொன்னேன். பிள்ளைங்கள அழ வைக்க எல்லாரும் ஏதோ ஒண்ணு சொல்றதுதான். பத்து நிமிஷத்துல சும்மாடான்னு சொல்லி, மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டேனே” என்றார். சரி, சொன்னது தப்பு. ஆனால் பத்து நிமிஷம். நீ அதை ஒரு ராத்திரியாக, இருபத்தாறு வருஷமாக இழுத்திருக்கிறாய்.

கடிதத்தை இன்னும் மூடவில்லை. டேப்பைக் கேட்டுவிட்டு மூடுகிறேன்.

மாலை

வழித்தது கம்ப்யூட்டரில் இருக்கும் நகலில்தான். மூல டேப் அப்படியே இருக்கிறது.

கசிவை மட்டும் தனியாகப் பிரித்து ஏற்றிக் கேட்டேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பு. அவர் “செத்துட்டாங்க” என்று சொல்லவில்லை. “செத்துப்போயிட்டாங்க” என்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப்பிறகு ஏழாவது டேப். மறுநாள் தேதி. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் எண் சொல்கிறது அப்பாவின் குரல், ரொம்ப மென்மையாக. முதல் டேக்குக்கு முன்னால் நீ ஒரே ஒரு கேள்வி கேட்கிறாய். “இது முடிச்சா அம்மாவப் பாக்கலாமா?” அவர் எண் சொல்கிறார்.

பத்து நிமிஷம் என்றார் என்னிடம். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மூக்கடைப்பை நான் உனக்கே பாராட்டி எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் படிக்காதே. முடிந்தால் கிழித்துப் போடு.


மார்ச் 6

திருப்புளிக்கு,

கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.

நான் சொன்னபோது ஆதாரம் கேட்டாய், டேப் சொன்னதும் நம்பினாய். கூடப்பிறந்தவளைவிட டேப்புக்கு மதிப்பு அதிகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நானும் அப்படித்தான். வாயைத் திறந்து “இங்க வலிக்குது” என்று ஆள் சொல்வதை நம்பமாட்டேன், அச்சைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் அவர்கள் யாரும் என் தம்பி இல்லை.

ஒரு வார்த்தை தப்பு என்று கண்டுபிடித்தாய் பார், அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி “என்னக்கா, கல்யாணப் பத்திரிகையா?” என்றாள். “இல்ல, என் தம்பி மன்னிப்புக் கேக்கறான், அவன் பாணியில” என்றேன்.

நீ நேராகக் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

கையெழுத்து இல்லை என்றால் இல்லைதான். புதுக்குரல் போட்டுக்கொள்ளுங்கள். இனி அது என் தலைவலி இல்லை.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

மன்னிப்பு கேட்கிறேன். வாசலில் சொன்னதற்கும், அதற்குப் பிறகு எழுதியதற்கும். நேரடியாக எழுதிவிட்டேன், இனி குறை சொல்லாதே.

இப்போது எழுதப்போவது வேறு. எழுதாமலிருந்தால் உனக்குத் தெரியவே தெரியாது, எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அது சரியில்லை.

புதுப் பெண்ணை வைத்து மூன்று நாளாகப் பதிவு நடக்கிறது. ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, நீ பார்த்தால் அளவெடுக்க ஆரம்பித்திருப்பாய். கெட்டிக்காரி. மூன்று பாலம் வரை ஒரு தடங்கல் இல்லை. இன்று நாலாவது. பன்னிரண்டு டேக். அழவில்லை. அழுவதுமாதிரி செய்கிறாள், முடிந்ததும் கண்ணாடி வழியாக அவள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அம்மா என் பின்னால்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “உங்கப்பா ஒரே டேக்ல எடுத்தாராமே” என்றார்.

நான் திரும்பி, “நீங்க கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்கம்மா. நீங்க தெரியறதால பிள்ளைக்குக் கவனம் செதறுது” என்றேன். போனார். பெண் நிமிர்ந்து பார்த்தாள். காலி நாற்காலி. முகம் மாறியது. மானிட்டரில் அவள் மூச்சு மாறுவது எனக்குத் தெரிந்தது. நல்லது, இது வேலைக்காகும் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், வார்த்தையை மாற்றவில்லை.

உள்ளே பேசுவதற்கு ஒரு பட்டன் உண்டு. அதன்மேல் விரல் வைத்தேன். அழுத்தினேன். என்ன சொன்னால் அழுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அக்கா. யோசிக்கவேண்டியிருக்கவில்லை. வரி முழுசாக வாயில் வந்து நின்றது.

சொல்லவில்லை. “இன்னைக்குப் போதும்” என்றேன். மேனேஜர் கத்தினார். திங்கட்கிழமைவிட்டு அடுத்த திங்கள், 23-ம் தேதி, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். “பிள்ளைய எப்படியாவது அழ வை, அது உன் பொறுப்பு” என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஆனால் அவள் அம்மாவைக் கீழே அனுப்பியது நான்தான். யாரும் சொல்லித்தரவில்லை.

தம்பி


மார்ச் 19

திருப்புளிக்கு,

மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். பட்டறை ஆள் ஒருவரிடம் கொடுத்து ரயிலில் அனுப்புகிறேன், 23-க்குள் வந்துவிடும்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பு. ஏற்கனவே ஒருத்தி அழுது வைத்திருக்கிறாள், அதையே எடுத்துக்கொள். ஒரு படத்துக்கு ஒரு பிள்ளை போதும்.

உன்மேல் இரக்கப்பட்டுப் போடவில்லை. பட்டனை அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். 23-ம் தேதி மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கும்போது நீ என்ன செய்வாய் என்று உனக்கே தெரியாது. அப்பாவும் கெட்ட மனுஷர் இல்லை, வேலையில் கெட்டிக்காரர். அதுதான் பயம்.

மூன்று நிபந்தனை. அப்பாவின் பேட்டி வரக்கூடாது. என் பெயர் எங்கும் வரக்கூடாது, பிறவிக் கலைஞர் எல்லாம் வேண்டாம். அந்தப் பதினோரு விநாடியைத் துடைக்காதே. கேட்கிறவர்களுக்கு அது இரைச்சலாகவே இருக்கட்டும். நம் மூன்று பேருக்கு மட்டும் வார்த்தை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

டிஸ்க் ஒன்று உள்ளே இருக்கிறது. அட்டையில் முள்ளெலி சிரித்துக்கொண்டிருக்கும், அது என் கையில் இல்லை.

மூன்றையும் செய்துவிட்டேன். பேட்டியை நீக்கியதற்கு மேனேஜரிடம் டிஸ்க்கில் இடமில்லை என்றேன். இடம் தாராளமாக இருந்தது.

அப்பா ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். இரண்டாம் நாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். பேட்டி எங்கே என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. “நாலாவது பாலத்துல இரைச்சல் அப்படியே இருக்கே, துடைக்கத் தெரியலையா?” என்றார். அவர் தலையில் நல்ல ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைப் போட்டேன். பதினோரு விநாடி. அப்புறம் நீ அழுகிறாய். முழுசாகக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேஜையில் வைத்தார்.

“லெவல் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

கிளம்பினார். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இறங்கினார், இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. நான் துணைக்குப் போகவில்லை. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். பொய், எனக்குக் கோபம்.

விமர்சனங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஒருவர் மட்டும் ‘பழைய டேப்பின் இரைச்சல் ஓரிடத்தில் உறுத்துகிறது’ என்று எழுதியிருக்கிறார். அடுத்த படத்தை மேனேஜர் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

பார்த்தாயா என்று கேட்கமாட்டேன்.

தம்பி


மே 13

திருப்புளிக்கு,

டிஸ்க் வந்தது. அதைப் போட்டுப் பார்க்கிற மிஷின் என்னிடம் கிடையாது, வாங்கப்போவதும் இல்லை. பக்கத்து மேஜைக்காரிக்கு ஆறு வயதில் ஒரு பெண். பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டேன். அதில் பேசுவது யார் என்று சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றி இனி எழுதாதே. கைப்பிடியைப் பிடித்தார், படியில் இறங்கினார் என்றெல்லாம் எனக்கு வேண்டாம். போய்ப் பார்ப்பதோ பார்க்காததோ உன் பாடு. எனக்காக என்று எதையும் செய்யாதே, செய்யாமலும் இருக்காதே.

இன்று காலை வந்தவுடன் பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். நேற்று படம் போட்டார்களாம். நாலாவது பாலம் வந்ததும் பெண் ஓவென்று அழுதாளாம். நான் மெழுகைச் செதுக்கிக்கொண்டே, “அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்னக்கா, திரும்பிப் பாத்தா. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். நின்னுடுச்சு” என்றாள்.

அக்கா